தொண்ணூறாம் நாள்

கசிந்த ரத்தம் அன்றே நின்றுவிட்டதாம்.
அதை அள்ள வந்த கூட்டம்தான்
மூளையை வீங்க வைத்ததாம்.
விழுந்த செம்பனையை இழுக்க வந்த ஆட்கள்
நாற்றுமேட்டையும் மிதித்துப் போன மாதிரி, என்றேன்.
டாக்டரிடம் சொல்கிறேன் என்று சிரித்தாள் தாதி நோராய்னி.

ஈப்போவில் கையெழுத்துப் போட்டது நான்.
புது மருந்தா, வெறும் உப்புத்தண்ணியா,
ஊசி போட்டவருக்கே தெரியாது.
குப்பியில் ஒரு எண் மட்டும்: 0417.
நாலு நம்பர் கடையில் அதை எடுக்கவில்லை.
ஆசை இருந்தது.

இன்று சுங்கை சிப்புட் கிளினிக்கில்
இவருக்குப் பரீட்சை.
இது என்ன மாதம்? சொன்னார்.
வலது கையைத் தூக்குங்கள். பாதி.
இது? பேனா.
இது?
அவள் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார்,
இருபது வருஷம் ஆலை எடைப்பாலத்தில்
லோரி லோரியாய் நேரம் எழுதியவர்.
பிறகு அவளிடம், தமிழில்,
“பசியாறியாச்சா?”

தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

எந்தக் குப்பி என்பதை
அடுத்த வருஷம்தான் பிரித்துப் பார்ப்பார்களாம்.
இவருக்கு இல்லாவிட்டாலும்
யாருக்காவது ஆகும் என்கிறாள்.
தலையாட்டினேன். இவருக்கு ஆகட்டும் என்றுதான்
உள்ளே ஓடியது.

பஸ்ஸில் என் மணிக்கட்டைப்
பிடித்துக்கொண்டே வந்தார்,
நேரம் பார்க்கிற மாதிரி.
நான் கடிகாரம் கட்டுவதில்லை.