உபதலைப்பு

சபையின் திரையிடல் அறையில்
ஏசி மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.
முன்வரிசையில் ஐந்து பேர்,
மடியில் படிவம், படிவத்தின்மேல் பென்சில்.
மூன்றாவது கதிரைக்குப் பின்னால் நான்.
தமிழ்ப் படம் வருகிற நாட்களில் மட்டும்
எனக்கு அங்கே கூலி.

நாற்பத்தோராவது நிமிடம்.
ஒரு தாய் பானையை இறக்கிக் கஞ்சி வடிக்கிறாள்.
இருட்டுக்குள் தலையை நீட்டிக் கேட்கிறாள்:
"பெடியள் வந்திட்டாங்களோ?"

திரு. ஹெட்டிகே கையை உயர்த்தினார்.
படம் நின்றது.
வாய் பாதி திறந்தபடி அவளும் நின்றாள்.
"என்ன சொல்கிறாள்?"

ஒரு சொல்.
அகராதியில் அதற்கு அரை வரி.
எங்கள் ஊரில் முதலில் அதன் கையில்
கிரிக்கெட் மட்டை இருந்தது,
பிறகு சைக்கிள்,
பிறகு நாங்கள் பார்த்தும் பார்க்காத ஒன்று.
யார் சொன்னது, எந்தக் குரலில்,
அந்நேரம் நாய் குரைத்ததா இல்லையா,
இவற்றை வைத்துத்தான் பொருள் கொள்வோம்.

ஐந்து பென்சில்களும் காத்திருந்தன.

"மகன்மார், சேர்," என்றேன் சிங்களத்தில்.
"ரியூசன் முடிந்து வருகிற நேரம்."
என் குரல் நடுங்கவில்லை.
இன்றைக்கும் எனக்குப் பயம் அதுதான்.

திருமதி அபேகோன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
திரையையே பார்த்தார்.
"மகன்மாருக்கா, இவ்வளவு பெரிய பானை?"
"எங்கட வீடுகளில் அப்படித்தான், மேடம்."
யாரோ சிரித்தார்கள். படம் ஓடியது.

தீர்ப்பு: நான்கு வெட்டு.
ஒரு முத்தம், ஒரு சோதனைச் சாவடி,
ஒரு கெட்ட வார்த்தை,
காரணம் எழுதாமல் ஒரு வேப்பமரம்.
பெடியள் தப்பிவிட்டார்கள்.
வயது வந்தோருக்கு மட்டும்.
உபதலைப்பிலும் அதையே போடுங்கள் என்று
என் வசனத்தை எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் முதற்காட்சி.
வாசலில் விதுஷனா, பதினான்கு வயது,
படத்தில் அந்தத் தாயின் கடைக்குட்டி.
சுவரொட்டியில் தன் முகத்தைத் தொட்டு
"இது நான்தான் அங்கிள்" என்றாள்.
"தெரியும் பிள்ளை," என்றார் மனேஜர்,
"அப்பாவின்ர ரிக்கற் மட்டும் செல்லும்."
அப்பா உள்ளே போகவில்லை.
இருவரும் எதிரே கடையில் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு
படம் முடியும்வரை சுவரொட்டியைப் பார்த்திருந்தார்கள்.

உள்ளே, வெட்டுகள் போக
முப்பத்தெட்டாவது நிமிடம்.
கஞ்சி வடிகிறது.
"பெடியள் வந்திட்டாங்களோ?"
அரங்கு முழுக்க ஒரு மூச்சை
உள்ளே இழுத்து அங்கேயே வைத்துக்கொண்டது.
இரண்டு வரிசை முன்னால் ஒருவர்
எழுந்து, பிறகு ஏனோ உட்கார்ந்தார்.
கீழே வெள்ளை எழுத்தில் ரியூசன்.

பக்கத்து ஆசனத்தில் ஒரு சிங்களப் பையன்.
அதை வாசித்தான்.
சுற்றிவரப் பார்த்தான்.
மறுபடி வாசித்தான்.
என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டான்:
"அக்கா, என்ன சொல்கிறாள்?"

படிவம் இல்லை. பென்சில் இல்லை.
கூலியும் இல்லாத நாள்.
அவன் முகத்தில்
உண்மையாகவே தெரியவேண்டும் என்கிற ஆசை.

இருந்தும், வாயில் முதலில் வந்தது
ரியூசன்தான்.