ஆறாம் எண் வீட்டு மீன்கள்

ஜன்னல் விளிம்பில் தினமும் ஒரு சிட்டிகை கசகசா.
துடைப்பேன். மறுநாளும் இருக்கும்.
பூதக்கண்ணாடியோடு வந்த ஆள்
விரல்நுனியில் ஒற்றிக் காட்டினான்:
ஆறு பட்டை தெரிகிறதா? எச்சம்.
உங்கள் உத்தரம்தான்,
தின்று வெளியே தள்ளியிருக்கிறது.

லாங் பீச்சில், கடலுக்கு நான்கு தெரு தள்ளி
நூறு வயது மரக்கட்டிடம்.
எட்டு வீட்டுக்கும் பொதுவானவை
ஒரு சலவை இயந்திரம்,
நிரம்பி வழியும் குப்பைத் தொட்டி,
இப்போது இதுவும்.

ஏழு வீட்டார் கையெழுத்துப் போட்டோம்.
என் தலைக்கு மேலே குடியிருக்கும்
வெண்டெல் மட்டும் மாட்டேன் என்றார்.
சட்டம் பேசினார். செலவு பேசினார்.
மருந்து அடிக்க வேறு வழியே இல்லையா என்று
மூன்று கூட்டத்தை இழுத்தடித்தார்.
மாரிசெலாவின் கால்
மாடிப்படிப் பலகைக்குள் முழங்கால்வரை இறங்கிய அன்று
பேனாவைக் கேட்டு வாங்கினார்.

பிறகு பைகள்.
பிரித்த அரிசி, சர்க்கரை, தைராய்டு மாத்திரை,
சொக்குந்தியா வீட்டு நொதித்த மீன் ஜாடி,
எல்லாவற்றுக்கும் பைக்குள் பை, முடிச்சுமேல் முடிச்சு.
எரிவாயுவை மூட ஒருவன் வந்தான்.
எட்டு வீட்டுச் சாவியும்
முன்பின் தெரியாத ஒருவன் இடுப்பில் குலுங்கின.

மஞ்சளும் நீலமுமாய்ப் பட்டை போட்ட கூடாரம்.
யானை எப்போது வரும் என்று
எதிர்வீட்டுப் பையன் கேட்டான்.
விளிம்பு பறக்காதிருக்க
நீள நீளமான மணல் பைகள்;
வேலையாட்கள் அவற்றைப் பாம்பு என்றார்கள்.
கரையான் இருந்த இடத்துக்குப்
பாம்பு வந்து சேரும் என்பது சரிதான்.

முதலில் கண்களை எரிக்கும் புகையாம்,
யாராவது உள்ளே ஒளிந்திருந்தால்
ஓடி வரட்டும் என்று.
அதற்குப் பிறகுதான்
மணமே இல்லாத மற்றது.

இரவு பத்தரைக்கு மோட்டல் கதவைத் தட்டினார் வெண்டெல்.
இரு கையிலும் வாளி.
அக்குளில் மோட்டார்.
"என் அறையில் குளியல் தொட்டி இல்லை" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.

மூன்று வருடமாக நான்
துடைப்பக்கட்டையால் கூரையை இடித்தது
இந்த மோட்டாருக்காகத்தான்.
அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து
துறைமுகத்துக்கு ஓட வேண்டியவள்;
கொப்புளம் வெடிப்பதுபோல் இரவெல்லாம்
குளுகுளு, குளுகுளு.

ஏழு மீன்கள். தட்டு தட்டாய், செங்கல் நிறம்.
காரில் இருந்து இன்னும் ஆறு வாளித் தண்ணீர்,
அவற்றின் பழைய தண்ணீர்,
இருவரும் சுமந்தோம்.
கழிவறை மூடிமேல் உட்கார்ந்து
தெர்மாமீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்றேன்.
"மீனுக்காக என்றால் சிரித்திருப்பீர்கள்."
சிரித்துத்தான் இருப்பேன்.

இரண்டு நாள் வாஷ்பேசினில் ஈரத்துணியால் குளித்தேன்.
மறுநாள் மாரிசெலா பிள்ளைகளோடு வந்து
தொட்டியைச் சுற்றி மண்டியிட்டாள்.
எட்டாம் எண் தாவோ வறுத்த சோற்றோடு வந்தான்,
போகவில்லை.
குளியலறையில் இத்தனை பேரோடு
நான் சாப்பிட்டதில்லை.

மூன்றாம் நாள் சான்றிதழ் ஒட்டிய கதவு.
எல்லா ஜன்னலும் திறந்து,
வீட்டில் எந்த வாசனையும் இல்லை,
என் வாசனைகூட.
யாரோ குடியிருந்த இடத்தைப்
பார்க்க வந்தவள்போல் நின்றேன்.

அன்றிரவு மேலே சத்தமில்லை.
பதினொன்று. பன்னிரண்டு.
நடக்கும் காலடி கேட்கிறது, மோட்டார் இல்லை.
எனக்காக நிறுத்தி வைத்திருக்கிறாரா,
மீன்களுக்கு ஏதாவது ஆயிற்றா?
துடைப்பக்கட்டையை எடுத்து
இரண்டு இடி இடித்தேன்.

காலடி நின்றது.
எனக்கு வெட்கமாகப் போனது;
இவ்வளவு நாள் இதற்கு ஒரே அர்த்தம்தான்.
வெகுநேரம் கழித்து
குளுகுளு.

காலையில் ஜன்னல் விளிம்பில் ஒரு சிட்டிகை.
செத்த பிறகும் கொஞ்ச நாள் உதிரும் என்று
அந்த ஆள் சொல்லியிருந்தான்.
விரலில் ஒற்றி வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஆறு பட்டை.