நடுவில் ஒரு சனி

முப்பத்தொரு நாள் கத்திரிக்காய்.
முப்பத்தொரு நாள் தட்டப்பயிறு, கொள்ளு, அரசாணிக்காய்.
பெருமாளுக்குத் தெரியும் நான் எண்ணியது.
ஐப்பசி பிறந்த மறுநாள் சனி,
சம்பளக் கவர் கைக்கு வந்தது ஏழரைக்கு.
எட்டுக்கெல்லாம்
நொய்யல் பாலத்துக்குக் கீழே,
சிராஜுதீன் கடைப் புகைக்குள் நான்.

பீப்பாயை நெடுக்கப் பிளந்து அடுப்பாக்கியிருக்கிறான்.
"சாயப் பீப்பாய் இல்லீங்க்கா, எண்ணெய்ப் பீப்பாய்,
அல்லா மேல சத்தியம்."
கேட்காதவர்களிடமும் சொல்வான்.
விசிறி, ஏற்றுமதிப் பெட்டியின் கிழிந்த மூடி.
நனையாமல் வைக்கச் சொல்லும் குடைப்படம்
தீயின் மேல் போகிறது, வருகிறது, போகிறது.

நெஞ்செலும்பில் கொழுப்பு உருகிக்
கரியில் சொட்டும்போதெல்லாம்
வரிசையில் நிற்கிற யாரோ
ஒரு எச்சில் விழுங்குகிறார்கள்.
இந்தியில் ஒன்று, அசாமியில் ஒன்று,
தாராபுரத்து லாரி டிரைவருடையது சத்தமாக.

மேலே தூவுவது நெலக்கடலைப் பொடி.
மிளகாயும் சுக்கும் சேர்த்து இடித்தது.
பனியன் மூட்டை வாங்க வந்து
ஆறு வருடம் இங்கேயே இருந்த ஒபின்னா
விசா முடிந்து போகுமுன் சொல்லிக்கொடுத்தது.
கடலை மட்டும் நம்ம வெள்ளகோவில் கடலை.
அவர் ஊரில் இதற்கு வேறு பேர்.
சிராஜுக்கு அது நாக்கில் நிற்கவில்லை,
பலகையில் "ஒபின்னா வறுவல்" என்று எழுதிவிட்டான்.
லாகோசில் அந்த மனுசனுக்குத் தும்மல் வருமோ என்னவோ.

சஸ்மிதா ஓடி வந்தாள், தலையெல்லாம் பஞ்சு.
"அக்கா, திங்கக்கெழம பௌர்ணமி."
தெரியும். அது முடிந்ததும் அவளுக்குக் கார்த்திகை.
நம்ம கார்த்திகை இல்லை, ஒடிசாக் கார்த்திகை.
ஒரு மாதம் மீன்கூடத் தொட மாட்டாள்.
என் விரதம் விடுவதற்கும் அவள் விரதம் பிடிப்பதற்கும்
நடுவில் இந்த வருடம்
ஒரு சனிக்கிழமை மாட்டிக்கொண்டது.

பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தாள்.
செவ்வாய்க்கிழமை ஆயுத பூசைக்குக்
கம்பெனியில் கொடுத்த பொரி.
காகிதத்தில் குங்குமம் இன்னும் காயவில்லை.
சுடச்சுடக் கறியை அதன்மேல் கவிழ்த்தாள்.
சுர்ரென்று அடங்கியது பொரி.

"அடியே, சாமிக்குப் படைச்சது!"
"மிஷினுக்குத்தானே அக்கா படைச்சாங்க.
மிஷின் சாப்பிடலையே."
அவள் ஊர்ப்பக்கம் இப்படித்தானாம்,
கறிக்குச் சோறு இல்லை, பொரி.

ஒரு பிடி எடுத்தேன்.
சாறு ஊறிய பாதி மெத்தென்று,
ஊறாத பாதி நொறுநொறுவென்று,
நடுவே கடலைக் காரம்
காதுவரை ஏறியது.
ஒரு மாதம் நான் எதற்குக் காத்திருந்தேன் என்று
வாய் அப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டது.
பேச்சே இல்லை.
எலும்பை அவள் உறிஞ்சும் சத்தத்துக்கு
தாராபுரத்தார் திரும்பிப் பார்த்தார்,
மரியாதையாகத்தான்.

கை துடைக்க சிராஜ் வேஸ்ட் துணி போட்டிருப்பான்.
எனக்குக் கிடைத்தது ஒரு குழந்தைச் சட்டையின் கை.
மஞ்சள், வாத்துப் படம்.
ஜெர்மனி ஆர்டர்.
வியாழக்கிழமை அவள் தைத்தது,
வெள்ளிக்கிழமை நான் ஒதுக்கியது.
அவளும் பார்த்துவிட்டாள்.

வாங்கி, பல்பு வெளிச்சத்தில்
தையலை நகத்தால் நீவிக் காட்டினாள்:
"சரியாத்தான அக்கா இருக்கு?"

எண்ணெய் விரலோடு திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
மேசையில் பார்த்தபோது ஒரு நூல் விலகியிருந்தது.
இங்கே தெரியவில்லை.

"சிராஜு," என்றேன்,
"இன்னும் ரெண்டு கம்பி. ஈரலாப் போடு."