ஏழை இரண்டால் வகுத்தல்

ஏழு இரவுகள். இரண்டு தீவுகள்.
ஏழை இரண்டால் வகுத்தால்
அரை இரவு மிஞ்சுகிறது.
அதை விமான நிலையத்தில் கழிக்கலாம் என்றான் யூவன்.
பள்ளிக்கூடத்திலேயே கணக்குக்கு ஒளிந்தவன்.

பிளஃப் துறைமுகத்தில்
பத்தொன்பது பருவம் சிப்பி திறந்தவள் நான்.
ஓட்டின் கீல் எங்கே என்று
கத்திக்கு முன்பே என் கட்டைவிரலுக்குத் தெரியும்.
ஓர் அறையைத் தேர்ந்தெடுக்கத்தான்
பதினோரு வாரம் ஆயிற்று.

சாப்பாட்டு மேசையில் உப்புக்குடுவை ராரோடோங்கா.
மிளகுக்குடுவை ஐதுதாக்கி.
நடுவே சிந்திய ரொட்டித் துணுக்குகள்
ஐம்பது நிமிட விமானம்.
அவனுக்கு மலை வேண்டும், கடை வேண்டும்,
தீவைச் சுற்றிச் சுற்றி வரும் பேருந்து வேண்டும்.
எனக்கு, காலை வைத்தால் எலும்பு வலிக்காத தண்ணீர்.
இடுப்பளவு போதும்.

சூரியன் எழும் கரையா, விழும் கரையா?
விழும் கரைக்கு இரவுக்கு நாற்பது டாலர் கூட.
அஸ்தமனத்துக்குத் தனி பில்லா என்று
தொலைபேசியில் கேட்டேவிட்டேன்.
மறுமுனையில் தேபாயெரு சிரித்தாள்.
"எழுவதைப் பார்க்க
விடுமுறையில் யாரம்மா எழுந்திருக்கிறார்கள்?"

பெரியதில் நான்கு, சிறியதில் மூன்று.
பணம் கட்டிய இரவு
இருவருக்கும் தூக்கம் இல்லை.
மாற்றிக் கட்டியிருக்கலாமோ?

அங்கே பேருந்து இரண்டே வகை.
கடிகாரம் சுற்றும் பக்கம் ஒன்று, சுற்றாத பக்கம் ஒன்று.
தவறானதில் ஏறினாலும்
உன் வாசல் வந்தே தீரும்.
இதை முதலிலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

அறைக்கு முன்னால் புல்வெளி.
புல்வெளியில் மூன்று கல்லறைகள்.
வெள்ளைப் பூச்சு, தகரக் கூரை, வெயிலில் வெளிறிய பிளாஸ்டிக் பூ.
படங்களில் இவை இல்லை.
யூவன் ஆஸ்பத்திரிக்குள் வந்தவன் மாதிரி
குரலைத் தாழ்த்திக்கொண்டான்.
தேபாயெரு அவற்றுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுப்
பப்பாளி சீவிக்கொண்டிருந்தாள்.
"நடுவில் இருப்பவர் மாமனார்.
வாடகை ஒழுங்காக வருகிறதா என்று பார்த்துக்கொள்வார்."

முதல் மாலை
நாற்பது டாலர் மேகத்துக்குள் விழுந்தது.
இரண்டாம் மாலையும்.
இரவு இரண்டரைக்கே சேவல்கள் விடிந்துவிட்டதென்று சாதித்தன.
மூன்றாம் நாள் தண்ணீரில் நின்றேன்,
இடுப்பளவு.
ஒரு மணி நேரம் எதுவும் வலிக்கவில்லை.
அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

நீ எங்கே தூங்குகிறாய் என்று அவளைக் கேட்டேன்.
சேம்பு வயலுக்கு அப்பால், மலையடியைக் காட்டினாள்.
அங்கிருந்து கடல் தெரியாது.
"ஒரு புயலில் கடல் சமையலறை வரை வந்து
பாத்திரங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போனது.
அதற்குப் பிறகு
காட்சி விருந்தாளிக்கு, தூக்கம் எங்களுக்கு."

ஐதுதாக்கியில் எந்தப் பக்கம் நல்லது?
"அக்கா அங்கேதான் இருக்கிறாள்.
நான் போய்ப் பதினாறு வருஷம்.
டிக்கெட் விலை உங்களுக்குத் தெரியுமே."

எனக்குத் தெரியும். காசாகக் கட்டியது நான்தானே.
பப்பாளியை வாயில் வைத்துக்கொண்டு
விழுங்காமல் இருந்தேன்.

கடைசி நாள் காலை,
போர்வைகளை மடித்தபடியே அவள் கேட்டாள்:
"ஆகஸ்டில் பத்து நாள் லீவு சேர்ந்திருக்கிறது, மோராக்.
உங்கள் ஊரிலும் அப்படித்தானாமே.
இந்தப் பக்கம் பெரிய தீவு, எதிரே ஒரு சின்னது.
முதல் தடவை வருகிறவள்
எங்கே தங்க வேண்டும்?"

தெளிந்த நாளில்
என் பாத்திரத் தொட்டி ஜன்னலில் ஸ்டீவர்ட் தீவு தெரியும்.
படகில் ஒரு மணி நேரம்.
எனக்கு ஐம்பத்தெட்டு வயது.
அங்கே ஓர் இரவும் தங்கியதில்லை.

ஆகஸ்ட் குளிரும் என்றேன்.
குளிர் எப்படி இருக்கும் என்றாள்.
சிப்பிப் பருவம், கை ஒழியாது என்றேன்.
நானும் திறக்கிறேன், கத்தி கொடு என்றாள்.

பிறகு போர்வையைக் கீழே வைத்துவிட்டு
விரலை மடக்கத் தொடங்கினாள்.
பத்து இரவு. பெரியதில் எத்தனை?

யூவன் இடத்தை விட்டு எழுந்தான்.
இந்த வீட்டில்
உப்புக்குடுவை எங்கே இருக்கிறது என்று கேட்டான்.