செவ்வாய், ஆறரை மணி

சாவி முதல்முறை மறுக்கும்.
இரண்டாம் முறை தோளால் இடித்தால் திறக்கும்.
ஏஜாக்ஸில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் அறை.
பெப்ரவரி. ஹீட்டர் இருமிக்கொண்டு எழும்புகிறது.
ஞாயிறு யாரோ காய்ச்சிய கோப்பி
இன்னும் மணக்கிறது.

பல் வைத்தியரிடம் கணக்கெழுதுகிறவள் நான்.
சாரணர் சட்டையைக் காருக்குள் மாற்றியதில்
ஒரு பொத்தான் தவறி ஏறியிருக்கிறது.
கழுத்துப்பட்டியால் மறைத்துக்கொள்ளலாம்.
கையில் தாள்:
ஆறரைக்கு வட்டம். ஆறே முக்காலுக்கு ஓட்டம்.
ஏழுக்கு முடிச்சு. ஏழு இருபதுக்கு
‘சுவாரசியமான ஏதாவது.’
உடுப்புத் தோய்க்கிற மெஷினுக்குப் பக்கத்திலிருந்து
நானே எழுதியது. அந்த ஏதாவது
இன்றுவரை வரவில்லை.

பதினேழு பிள்ளைகள் படியிறங்குகிறார்கள்,
முப்பத்துநாலு சப்பாத்து உப்போடும் சேற்றோடும்.
மூன்று பேருக்குக் கச்சான் ஆகாது.
ஸுலைகாவுக்கு இரண்டு வீடு;
எந்த வாரம் எந்தக் கார் என்று
என் போனில் ஓர் அட்டவணை.
மார்சலோ வந்ததும் மேசைக்கு அடியில் போய்விடுவான்.
ஏன் என்று கேட்பதை
நவம்பரில் நிறுத்திவிட்டேன்.

ஏழு மணி.
‘வலது நுனி இடதுக்கு மேலே,
பிறகு இடது நுனி வலதுக்கு மேலே.’
ஷெனீக்கா கயிற்றைக் கடிவாளமாக்கி
யாரையோ குதிரை ஓட்டுகிறாள்.
தர்மிகன் மரியாதையாகக் கை உயர்த்துகிறான்:
‘மிஸ், வெல்க்ரோ கண்டுபிடிச்சாச்சுத்தானே?’

கண்டுபிடித்தாயிற்று.
போன வாரமே ஒரு கடிதம் எழுதினேன்:
‘இந்தப் பருவத்தோடு நான் நின்றுகொள்கிறேன்.’
பொலிஸ் சான்றிதழ், முதலுதவி வகுப்பு,
ரசீது கிடைக்காத மார்ஷ்மெலோ
எல்லாம் அதில் இருக்கின்றன.
இன்னும் அனுப்பவில்லை.

அப்போது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல்:
‘நான் மாட்டிக்கொண்டேன்.’

குனிந்தேன்.
மேசைக்கால் இரண்டு, ஒரு கதிரை,
அவனுடைய இடது சப்பாத்து.
எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிச்சு.
எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.
என் முஷ்டியளவு.

நான் இழுத்தேன். இறுகியது.
‘மிஸ், நீங்கள் தள்ளுங்கோ’ என்று தர்மிகன்
வயிற்றில் ஊர்ந்து உள்ளே போனான்.
குதிரை போனது. கடிவாளம் போனது.
யாரோ டோர்ச் அடித்தார்கள்.
‘அதை இழுக்காதே, அது வால்!’
‘வால் என்றால் தலை எங்கே?’
‘தலை இல்லை,’ என்றான் மார்சலோ,
‘எனக்கே தெரியாது.’
அவ்வளவு நீளமாக அவன் கதைத்து
அன்றுதான் கேட்டேன்.

ஏழு இருபது எங்கே போனதோ.
பிஸ்கட் பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை.
எட்டு மணிக்குப் படியில் பெற்றோர்.
பனி உடுப்போடு ஒரு தகப்பன்
கோப்பியைத் தரையில் வைத்துவிட்டு
மண்டியிட்டார்.
‘நான் மீன்பிடிக்காரன்ரை மகன்’ என்றார்.
பத்து நிமிடம் கழித்து எழும்பினார்.
கோப்பி ஆறிப்போயிருந்தது.
பிள்ளைகள் கைதட்டினார்கள்,
அவருக்கல்ல, முடிச்சுக்கு.

‘வெட்டலாமே?’ என்று நான் கேட்டதுக்கு
பதினேழு பேரும் திரும்பிப் பார்த்த பார்வையை
மறக்கமாட்டேன்.

மார்சலோ காலை மட்டும் உருவிக்கொண்டு
ஒரு கால் தன் சப்பாத்தில்,
மறு கால் தொலைந்த பொருள் பெட்டியிலிருந்து எடுத்த
யாரோ ஒருத்தியின் ஊதாப் பூட்ஸில்
படியேறிப் போனான், நொண்டி நொண்டி,
ராசா மாதிரி.

நிலத்தைத் துடைத்தேன்.
மேசையை நகர்த்த முடியாது,
கதிரையும் கூடவே வரும்.
தாளின் பின்பக்கத்தில் எழுதி ஒட்டினேன்,
ஞாயிறு வருகிறவர்களுக்கு:

‘தயவுசெய்து அவிழ்க்க வேண்டாம்.
செவ்வாய் வருவோம்.’

சாவி பூட்டவும் ஒருமுறை மறுத்தது.