பால் பிரித்தல்

ஆகஸ்ட். நியூசிலாந்தின் தென்கோடி.
வின்டனுக்கு அப்பால் மழை
படுத்துக்கொண்டு பெய்கிறது.
நெவின் ஸ்ட்ராக்கன் லாரியைப் பின்னால் எடுத்து
சாலையோரப் பட்டியில் முட்டாமல் நிறுத்துகிறான்.

போன ஈற்றில் இதே பட்டியில்
முப்பத்தொரு காளைக்கன்றுகள்.
நாலு நாள் வயசு, காய்ந்த தொப்புள்கொடி,
காதில் அட்டை.
இன்று மூன்று.

"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான். இப்போது எல்லாம் கிடாரி"
என்கிறாள் மொராக்
ரப்பர் பூட்ஸில் சேற்றோடு நின்று.

அக்டோபரில் மெரியானா வந்திருந்தாள்,
நைட்ரஜன் புகையும் குடுவையோடு.
வாலடியில் பூசிய நீலச்சாயம் தேய்ந்த பசுக்களாகப் பார்த்து
வரிசையில் நிறுத்தினார்கள்.
குச்சியை வெந்நீரில் போட்டு
நாற்பத்தைந்து நொடி எண்ணினாள்.
எண்ணும்போது யாரும் பேசக் கூடாது.
குச்சி ஒன்றுக்கு விலை இரட்டிப்பு,
உள்ளே இருக்கும் உயிரோ
பழையதில் பத்தில் ஒரு பங்கு,
அதுவும் களைத்துப்போனது.

களைக்காமல் என்ன செய்யும்?
எங்கோ வடக்கே ஓர் இருட்டறையில்
சாயம் குடிக்க வைத்து
ஒற்றை வரிசையில் ஓட விடுகிறார்கள்.
லேசர் படும் கணத்தில்
பெண்ணைச் சுமப்பது ஒரு பொட்டு கூடுதலாய் மின்னும்.
நூற்றுக்கு நாலு பங்குகூட முழுசாய் இல்லை
அந்த வித்தியாசம்.
அதைக் கொண்டு துளிக்கு மின்னேற்றி
இது இந்தப் பக்கம்.
மற்றதெல்லாம் சாக்கடைக்கு.

பால் பிரிக்கிறார்கள்
பாலுக்காக.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழி
நெவினுக்குத் தெரியாது.
தெரிந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டான்.
அவனுக்குத் தலைக்கு இவ்வளவென்று கூலி.

நல்லதுதானே என்கிறது ஊர்.
அவனும் சொன்னான், மதுக்கடையில், இரண்டு முறை.
பதினாறு வருஷம் இந்தச் சாலையில்
அவன் ஏற்றியதை எண்ணினால்
யாருக்கும் நல்லதுதான்.
பிறக்காததற்குப் பசிக்காது,
குளிராது,
கதவு மூடும் சத்தத்துக்கு அது திடுக்கிடாது.
வங்கித் தவணைக்கு மட்டும்
இந்த நியாயம் புரிவதில்லை.

பத்துக்கு ஒன்று வெளிச்சத்தை ஏமாற்றிவிடும்.
அப்படித் தப்பிப் பிறந்தவை
இந்த மூன்றும்.

ஒவ்வொன்றாய்த் தூக்கி ஏற்றுகிறான்.
இருநூறு நிற்கும் லாரி.
கூட்டமாய் இருந்தால் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும்.
மூன்று மட்டும் என்றால் வளைவுக்கு வளைவு சறுக்கும்.
தடுப்பை இழுத்து
ஒரு கட்டில் அளவு இடமாய்க் குறுக்குகிறான்.
வைக்கோல் விதியில் இல்லை, போடுகிறான்.
சின்னது அவன் கட்டைவிரலைப் பிடித்துச் சப்புகிறது,
உப்பு, டீசல்,
விடவில்லை.

"அடுத்த வருஷம் நீ வர வேண்டியிருக்காது போல"
என்கிறாள் மொராக், ரசீதை மழைக்கு மறைத்து.
"வருவேன். ஒன்றாவது இருக்கும்."
அவன் சொன்ன விதம்
புகாரா நம்பிக்கையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.
அவனுக்கும்தான்.

மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.
இறக்கிய பிறகு
குழாயை முழுதாய்த் திறந்து லாரியைக் கழுவுகிறான்.
முப்பத்தொன்றோ மூன்றோ,
தண்ணீர் அதே அளவு பிடிக்கிறது.