வரிசை இன்னும் நகரவில்லை

கண்ணாஸ்பத்திரிக்கென்று
வீட்டில் சொல்லிவிட்டு வந்தோம்.
காலிமுகத்திடலில் இருநூறு மோட்டார் சைக்கிள்.

அம்மப்பா டாங்கி டாங்கியாகத் தட்டிப்பார்த்து
"இது புதுப் பெயின்ட்" என்றார்
சொந்தக்காரர்களின் முகத்துக்கு நேரே.

ஒருத்திக்கு மட்டும் சிரிப்பு வந்தது. டில்ஹானியாம்.
பின்சீற்றைக் காட்டி
"நகின்ன சீயா" என்றாள்.

கைத்தடி என் மேல் வந்து விழுந்தது.
எண்பத்தொரு வயதுக் கால்
அந்த உயரம் எப்படிப் போனதென்று
நான் பார்க்கவில்லை,
புகையைத்தான் பார்த்தேன்.
கொள்ளுப்பிட்டிப் பக்கம்
வெள்ளை வேட்டியொன்று படபடத்துச் சிறுத்தது.

இறால் வடை இரண்டு வாங்கி
ஒன்றைக் கடிக்கையில்
அம்மாவின் அழைப்பு.
"டொக்டர் பாத்திட்டாரோ?"
"வரிசை இன்னும் நகரேல்லை."
"அதென்ன இரைச்சல்?"
"ஜெனரேட்டர்."

அவருடைய வடையையும் தின்றேன்.